ரேடியேட்டர் முன் தலைவர்

சில்லா தொடங்கிவிட்டது. நாற்பது நாள் வெயில். எங்கள் தெர்மெஸ் ஊரில் அப்போது நாய்கூட நிழலை விட்டு நகராது. அரசு மட்டும் நகரும். அதற்குக் கார் உண்டு.

பருத்தி அலுவலகத் தலைவர் எஷ்முராத் அவர்களின் வெள்ளைக் காரில் ஏசி போட்டால் காற்று வந்தது, குளிர் வரவில்லை. இது அலுவலகத்தின் மேலான கவனத்துக்கு வந்தது. அதாவது, தலைவரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை தாஷ்கண்டிலிருந்து மேலதிகாரி வருகிறார். விமான நிலையத்திலிருந்து அவரை அழைத்துவர இந்தக் கார்தான். தலைவர் டிரைவர் நோர்குலைக் கூப்பிட்டு, அன்றைக்குக் குளிராவிட்டால் நீ ஆடு மேய்க்கப் போகலாம் என்றார். நோர்குலிடம் ஆடு கிடையாது. வேலைதான் இருந்தது.

உடனே விசாரணைக் குழு. துணைத் தலைவர் சபோஹத் அம்மாள் அதற்குத் தலைமை. தடயம் கெடாதிருக்க முதல் காரியமாக பானெட்டுக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். பிறகு கூடிப் பச்சைத் தேநீர் குடித்தார்கள். வெளியே சூடாக இருப்பதே காரணம் என்று முதற்கட்டமாகக் கண்டறிந்தார்கள். சூட்டுக்கு உத்தரவு அனுப்ப வழியில்லாததால், காருக்குள் இருந்த ஃபில்டரைக் கழற்றித் தட்டினார்கள். அரைக் கூடை மணல் கொட்டியது. குளிர் வரவில்லை.

வேறு வழியின்றி முத்திரையை உடைத்து மெக்கானிக் தோஷ்தெமிரை அழைத்தார்கள். அவன் அளவுமானியை மாட்டிப் பார்த்தான். கேஸ் இருக்கிறது, கம்ப்ரசர் ஓடுகிறது, அழுத்தம் மட்டும் எகிறுகிறது, ரேடியேட்டருக்கு முன்னால் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்குக் காற்றே போகவில்லை என்றான். குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.

"நான் எதையும் பாக்கல அக்கா."

சபோஹத் அம்மாளும் குனிந்தார். கண்டென்சரை முட்டிக்கொண்டு தலைவர் நின்றிருந்தார். அட்டையில்.

குளிர்காலத்தில் எஞ்சின் சீக்கிரம் சூடேற ரேடியேட்டர் முன் ஓர் அட்டையைச் செருகுவது இங்கே எல்லோரும் செய்வது. வசந்தத்தில் எடுத்துவிட வேண்டும். நோர்குல் செருகியது அறுவடை விழாவில் மிஞ்சிய தலைவரின் பெரிய படம். நல்ல கெட்டி அட்டை. எடுக்க மறந்துவிட்டான்.

"எடுத்துடவா அக்கா?" என்றான் நோர்குல்.

"யாரை? தலைவரையா? தலைவரை எடுக்கணும்னா மேலிடத்து உத்தரவு வேணும் தம்பி."

"வெறும் அட்டைதானே."

"அப்ப ஏன் நடுங்குற?"

எடுக்க முடியாது. எடுத்தால் எதை எடுத்தோம் என்று அறிக்கையில் சொல்ல வேண்டும், அதுவும் முடியாது. தன் முகம்தான் குளிருக்கு முட்டுக்கட்டை என்று தலைவர் கேள்விப்பட்டால் மூன்று பேரும் ஆடு தேட வேண்டியதுதான். பானெட்டை மூடினார்கள்.

அறிக்கை போனது. காரில் பழுது ஏதும் இல்லை. குளிர்காற்று கழுத்தில் பட்டால் வாய் கோணிக்கொள்ளும் என்பது அனைவரும் அறிந்ததே. ஆகவே மேற்படி வாகனம் தலைவரின் முகத்தைக் காத்து வருகிறது. தலைவர் படித்துவிட்டுக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். அவருடைய மைத்துனிக்குப் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து வாய் கோணியிருந்தது. ஒப்புக்கொண்டார்.

வியாழன் வந்தது. மேலதிகாரியும் வந்தார். பாதி வழியில் டையை அவிழ்த்தார். அலுவலக வாசலில் இறங்கும்போது நனைந்த கம்பளம் மாதிரி இருந்தார். நோர்குலின் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. ஏசி இல்லையா என்று கேட்டார் மேலதிகாரி. தலைவர் நிமிர்ந்து நின்று, எங்கள் வாகனத்தில் முகக் காப்பு ஏற்பாடு உள்ளது என்றார்.

"அப்படியா? திறந்து காட்டச் சொல்லுங்க."

தலைவர் பெருமையோடு கையசைத்தார். தன் கார் பானெட்டுக்குள் அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. நோர்குல் மெதுவாகத் திறந்தான். இரு அதிகாரிகளும் குனிந்தார்கள். எஷ்முராத் எஷ்முராத்தைப் பார்த்தார். அட்டையில் இருந்தவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

சபோஹத் அம்மாள் கைப்பையில் எதையோ தேடினார். தோஷ்தெமிர் அன்றைக்கு லீவு.

"இது என்னப்பா?" என்றார் மேலதிகாரி.

நோர்குல் அட்டையை நேராக்கினான். "காப்புத் தட்டிங்கய்யா. சும்மா அட்டை வெச்சா குளிர் மதிக்காதுங்க. பெரிய மனுஷங்க முகம் இருந்தாத்தான் நிக்கும்."

மேலதிகாரி தன் முகத்தை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"இவர் முகத்துக்கே இவ்வளவுன்னா," என்றார், "என் முகம் இன்னும் அகலம்."

உத்தரவு அடுத்த வாரம் வந்தது. மாகாணத்து வாகனம் அனைத்திலும் காப்புத் தட்டி. படம் தாஷ்கண்டிலிருந்து அனுப்பப்படும். நோர்குல் இப்போது தட்டிப் பொறுப்பாளர், அவனுக்கே ஒரு டிரைவர். எஷ்முராத் காரில் பழைய அட்டையை எடுக்க உத்தரவு வராததால் அதன் மேலேயே புதியதை மாட்டினார்கள். அந்தக் காரில் ரொட்டி சுடலாம்.

ஊரே வேர்த்துக்கொண்டு போகிறது. கேட்டால், போன வருஷத்துக்கு இந்த வருஷம் வாய் கோணினவர்கள் குறைவு என்கிறார்கள். எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. சந்தையில் திராட்சைக்காரனும் தன் வண்டியில் ஒன்று மாட்டிவிட்டான். அவனுக்கு உத்தரவே கிடையாது.

என் காரிலும் இருக்கிறது. கிளிப்பைத் தள்ளி இழுத்தால் வந்துவிடும். நேற்று பானெட்டைத் திறந்து கையை உள்ளே விட்டேன். எதிர்வீட்டுக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான்.

தூசியைத் துடைத்துவிட்டு மூடினேன்.