பின் சீட்டில் ஆறு மூட்டை உப்பு

'ஏன் இப்படிச் செய்கிறாய்?' என்று கேட்க வீட்டில் ஆளில்லாத ஆண்பிள்ளையின் கையில் பழைய கார் ஒன்றைக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் அவன் அதற்குப் பெரிய எஞ்சின் போடுவான். நான் போட்டேன். அந்த வெட்கத்தைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் மனைவி ஜசிந்தா இத்தாலிக்குப் போய் அப்போது ஐந்து வருடம். அங்கே ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அடுத்த வருடமே மகள் ஷெரினையும் கூப்பிட்டுக்கொண்டாள். போகும்போது அவளுக்கு ஒன்பது வயது. என்னுடைய விசா மட்டும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கடதாசி குறைகிறது என்று திரும்பி வந்தது. ஆக, கற்பிட்டிப் பக்கம் ஆலங்குடாவில் மூன்று அறை வீட்டில் நானும் ஒரு டீவியும் மிச்சம். தொலைபேசியில் மகளோடு கதைப்பது நாலு நிமிடம். அதில் மூன்று நிமிடம் 'சாப்பிட்டீங்களா' என்பதிலேயே போய்விடும்.

அந்தக் காலத்தில்தான் அந்தச் சிவப்புக் காரை வாங்கினேன். (பெயர் சொல்லமாட்டேன். கார் ஒரு குற்றமும் செய்யவில்லை.) இரண்டு கதவு, பின்பக்கம் மூடியைத் தூக்கித் திறக்கிற சின்ன ஜப்பான் கார். நான் பொடியனாக இருந்தபோது கொழும்புப் பணக்காரப் பிள்ளைகள் இதில் கற்பிட்டிக்குப் பறந்து வருவார்கள். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்போம். என் கைக்கு வந்தபோது அது பறக்கவில்லை, புகைத்தது. எஞ்சின் மாற்ற வேண்டும். எந்த எஞ்சின்? அதுதான் கேள்வி.

நுரைச்சோலையில் கராஜ் வைத்திருக்கிற நசீர் நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அதற்கு உடனே பதில் இருந்தது.

"தம்பி, ஆயிரத்து அறுநூறு சீசீ போடுங்க. இதே குடும்பத்து எஞ்சின்தான். பழைய இடத்துலயே அலுங்காமக் குந்தும்."

"எத்தனை குதிரை நானா?"

"அது போதும்."

"போதும் எண்டா எத்தனை?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் படகு எஞ்சின்களுக்கு உதிரிப்பாகம் விற்கிற கடை. எங்கள் கரையில் எஞ்சினைக் குதிரைவலுவில்தான் அளப்போம். பதினைந்து வைத்திருப்பவன் இருபத்தைந்து வைத்திருப்பவனைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். அவன் நாற்பதுக்காரனைப் பார்த்து விடுவான். 'போதும்' என்று ஒரு அளவை நான் என் கடையில் விற்றதே இல்லை.

எட்டு மாதம் தெரிவு செய்தேன். ஆயிரத்து அறுநூறா, ஆயிரத்து எண்ணூறா, இரண்டாயிரமா? கடையைச் சாத்தியதும் பஸ் ஏறி கராஜுக்குப் போவேன். நசீர் நானாவும் நானும் பிளேன்டீயும் ரோல்ஸுமாக அதையே கதைப்போம். முடிவுக்கு வரும்போதெல்லாம் நானே புதுசாக ஒரு எஞ்சினைக் கொண்டு வந்து நடுவில் போடுவேன். உண்மையைச் சொன்னால், முடிவு எடுத்துவிட்டால் அடுத்த நாள் பின்னேரம் எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை.

நசீர் நானாவுக்கு அது விளங்கித்தான் இருந்தது. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து ஒரு உடுப்புப் பையோடு வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிய மனிதர். ஒரு நாள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆளில்லாட்டி வீடு பெருசாத்தான் தெரியும் தம்பி. அதுக்காக எஞ்சினையும் பெருசாக்கணுமா?"

நான் சிரித்து மழுப்பினேன்.

பிறகு ஜசிந்தாவின் அழைப்பு வந்தது. தலவில புனித அன்னம்மா திருவிழாவுக்கு இரண்டு பேரும் வருகிறார்கள், மூன்று கிழமை லீவு. பின்னாலிருந்து ஷெரினின் குரல் கேட்டது: "அப்பா, அந்தச் சிவப்புக் கார்லயா எங்களக் கூப்பிட வருவீங்க?"

அவளாக என்னிடம் ஒன்று கேட்டு எவ்வளவோ காலம். அவள் கேட்டது காரைப் பற்றி. என் காதில் விழுந்தது, 'அப்பா, நீங்கள் இன்னும் பெரிய ஆள்தானா?' என்று.

அடுத்த நாளே ஆறு சிலிண்டர், மூவாயிரம் சீசீ எஞ்சின் ஒன்றைத் தெரிவு செய்தேன். மோதி நொறுங்கிய ஒரு பெரிய சொகுசுக் காரிலிருந்து கழற்றியது. நசீர் நானா தலையில் கை வைத்தார்.

"அல்லாவே! பாண் பெட்டிக்குள்ள பேக்கரிய வைக்கச் சொல்றீங்க!"

வைத்தார். (என் பிடிவாதம் அப்படி.) ரேடியேட்டரை ஒரு மூலைக்குத் தள்ளி, பொனட்டில் ஓட்டை வெட்டி, எப்படியோ உள்ளே இறக்கினார். இறக்கியதும் காரின் முன்பக்கம் அமிழ்ந்து, மூக்கு நிலத்தை முகர்ந்தது. ஆலங்குடா மணலுக்குள் திருப்பினால் முன் சில்லுகள் கிணறு தோண்டின. "இந்தப் பாரத்துக்கு நல்ல ஸ்பிரிங் தேடித் தாறன், கொஞ்சம் பொறுங்க," என்றார் நானா.

பொறுக்க நேரமில்லை, நாலு நாளில் விமானம். அப்போதுதான் எனக்குள் இருந்த படகு நிபுணர் எழுந்தார். முன்னணியம் அமிழ்ந்தால் பின்னணியத்தில் பாரம் ஏற்று. இது எங்கள் கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டு முற்றத்தில் தனியாக நின்று பின் சீட்டைக் கழற்றினேன். உப்பளத்தில் ஆறு மூட்டை உப்பு வாங்கி, அந்த இடத்தில் அடுக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். மூக்கு நிமிர்ந்தது! கார் நேராக நின்றது. யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. யாருமில்லை. நசீர் நானா பார்த்திருந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பார்.

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் கட்டுநாயக்க விமான நிலைய வாசலில் நின்ற ஒரு சிப்பாய்.

காலையில் புறப்பட்டு ராசா மாதிரிப் போனேன். சிலாபம் மீன் சந்தையில் விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தம். அதே சத்தம் கேட்டுத்தான் விமான நிலைய வாசலில் சிப்பாய் கையைக் காட்டினார்.

"மே மொனவாத?" என்று மூட்டைகளைக் காட்டி, இவை என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"லுணு, சேர்."

"லுணு?"

விமான நிலையத்துக்கு உப்பு கொண்டுவந்த ஆளை அவர் அதற்கு முன் பார்த்ததில்லைபோல. இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஆறு மூட்டையையும் இறக்கி, கம்பியால் குத்தி, ஒருவர் விரல் நுனியில் தொட்டு நாக்கிலும் வைத்துப் பார்த்தார். உப்புத்தான். யாரைக் கூப்பிட வந்தாய் என்று கேட்டார்கள். மனைவியையும் மகளையும் என்றேன். முதல் சிப்பாய் காருக்குள் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில், மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "அப்போ அவங்க எங்க உட்காருவாங்க?"

காரைக் கழுவியிருந்தேன். கண்ணாடியில் செபமாலை தொங்கவிட்டிருந்தேன். மகளுக்குப் பிடிக்கும் என்று மஸ்கட் இனிப்பு வாங்கி வைத்திருந்தேன். எல்லாம் யோசித்த எனக்கு, பின் சீட்டில் ஆட்கள் உட்காருவார்கள் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. அவ்வளவு காலமாக என் வாழ்க்கையில் பின் சீட்டுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து அந்த நல்ல மனிதர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். மூட்டைகளைத் திரும்ப ஏற்றவும் கை கொடுத்தார்.

வெளியே வந்த ஜசிந்தா என்னைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்க, இது என்ன?"

"உப்பு."

"இத்தாலியில உப்பில்லாமக் கஷ்டப்படுறம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்ன?"

ஷெரின் சூட்கேசில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். கடைசியில் ஜசிந்தாவும் நாலு சூட்கேசும் வாடகை வேனில் ஏற, பிள்ளை என் பக்கத்தில், முன் சீட்டில் ஏறினாள். நான் நாலு வருடமாகக் காத்திருந்தது அதற்குத்தான்.

ஆனால் மூவாயிரம் சீசீ எங்களைக் கதைக்க விடவில்லை. மாரவில தாண்டும்போது அவள் ஏதோ சொன்னாள். "என்ன மகள்?" என்று கத்தினேன். திரும்பவும் சொன்னாள். "கேக்கேல்ல!" என்று கத்தினேன். "ஒண்டுமில்ல அப்பா," என்பதுபோல வாய் அசைந்தது. சிலாபத்தில் வேனை மறிக்கச் சொல்லி, என் காரிலிருந்து இறங்கி அதில் ஏறினாள். "கோவிக்காதீங்க அப்பா, தலை இடிக்குது." மீதி வழியெல்லாம் வேனுக்குப் பின்னால், நானும் ஆறு மூட்டை உப்பும் போனோம். வேனின் பின் கண்ணாடி வழியாக அவள் கையை அசைத்துக்கொண்டே வந்தாள்.

அவர்கள் திரும்பிப் போன கிழமையே அந்த எஞ்சினைக் கழற்றச் சொன்னேன். நசீர் நானா ஆயிரத்து அறுநூறைப் போட்டார். அலுங்காமக் குந்தியது. காருக்குள் இப்போது மெதுவாகக் கதைத்தாலும் கேட்கும். பின் சீட்டை உள்ளே வைத்து, புது உறை போட்டிருக்கிறேன். உறையின் மடிப்பு இன்னும் கலையவில்லை.

அன்று மாரவிலயில் என்ன சொன்னாய் என்று ஷெரினிடம் பலமுறை கேட்டுவிட்டேன். மறந்துவிட்டதாம். ஆனால் உப்பை மட்டும் மறக்கவில்லை. இன்றைக்கும் போன் எடுத்தால், 'சாப்பிட்டீங்களா'வுக்கு முன்னால் அதுதான் வரும்:

"அப்பா, உப்பு இறக்கியாச்சா?"

"இறக்கியாச்சு மகள். இடமிருக்கு. எப்ப வாறீங்க?"

அந்தப் பக்கம் தாயும் மகளும் சேர்ந்து சிரிப்பார்கள். திகதி மட்டும் சொல்லமாட்டார்கள். நானும் சிரிப்பேன்.