மில்லிங் மெஷினுக்கு லாரி அனுப்ப வேண்டாம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் மூட்டுவலி நீங்கலாகச் சௌக்கியம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும் என் மகளும், அந்த வலியும் இல்லாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுவிட்டதாகவும், பட்டறையை மூடியபோது என் கார் ஷெட்டில் விட்டுப்போன பழைய மில்லிங் மெஷினை ஞாயிற்றுக்கிழமை லாரி அனுப்பி எடுத்துக்கொள்வதாகவும், கழற்றிப் பார்த்து எப்படியாவது ஓட்டிவிடப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். முப்பது வருஷம் உங்களுக்குச் சோறு போட்ட மெஷின், நீங்கள் கேட்டு நான் மறுக்க முடியுமா? ஆனால் உங்கள் நன்மையை உத்தேசித்து ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. அந்த மெஷின் இனி ஓடாது. ஷெட்டுக்கு வந்த இரண்டாம் மாதம் நீங்களே வந்து ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்து, “துருப்பிடிச்சு இறுகிப்போச்சு சம்பந்தி, இனிமே இது வெறும் இரும்பு” என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போனீர்களே, அந்த வாக்கு அப்படியே பலித்துவிட்டது.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் சங்கிலி பிடித்தவன், கை சும்மா இருக்குமா? இரும்புக் கட்டையை மேஜையில் இறுக்கி, மேஜையை நகர்த்தி, மேலே சுற்றுகிற கட்டரில் சீவ வேண்டும், அவ்வளவுதானே என்று இறங்கினேன். மேஜை அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று நாள் ஊறப் போட்டேன், அசையவில்லை. மரச்சுத்தியால் தட்டினேன், பக்கத்து வீட்டுக்காரர்தான் அசைந்து வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார். ஹேண்டிலைக் கழற்றி, ஓரத்து பிராக்கெட்டைக் கழற்றி, நீளமான திருகாணியையே உருவி வெளியே எடுத்துவிட்டேன், அப்போதும் அசையவில்லை. மூன்று வாரம் போயிற்று. அந்தத் திருகாணியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து எண்ணெய் துடைத்ததில் வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் என் மனைவி சமாதானத்துக்கு ஒரு பழைய துணியோடு ஷெட்டுக்கு வந்தாள். மெஷினின் முன்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே, “ஏங்க, இந்த ரெண்டு குச்சியும் எதுக்கு? குழாய் மாதிரி திருகுதே” என்றாள். திருகியும் விட்டாள். மேஜையை நகராமல் பிடித்து வைக்கிற பூட்டாம் அவை. அதற்கப்புறம் ஒற்றை விரலால் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போயிற்று.

போயிற்று என்றா எழுதிவிட்டேன்? மையில் எழுதுவதால் அழிக்க வழியில்லை. அந்த வரியை நீங்கள் படிக்காததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மேஜைதான் போகட்டும், மோட்டார் இருக்கிறதே, அது இன்னும் மோசம். புதுக் கட்டர் மாட்டி ஓட்டினால் சீவுவதற்குப் பதில் கீச்சென்று கத்திக்கொண்டு தேய்த்தது, ஷெட்டெல்லாம் புகை. கட்டர் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் இன்னொன்று கொடுத்தார், அதுவும் புகைந்தது. மறுபடி போனேன். “வீட்டுல கரன்ட் எப்படி சார் இருக்கு?” என்று மட்டும் கேட்டார். வயர்மேன் வந்து ஒரு நிமிஷம் பார்த்து, மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது என்று இரண்டு வயரை இடம் மாற்றிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அதிலிருந்து கட்டர் வெண்ணெயில் போகிற மாதிரி போகிறது, ஆனால் சத்தம் அதிகம், உங்களுக்கு இந்த வயதில் ஒத்துக்கொள்ளாது.

எண்ணெய்க் குழாய்களைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று பார்த்தேன். பழைய கிரீஸ் உள்ளே மெழுகாகக் காய்ந்து கிடந்தது. என் மனைவியின் பின்னல் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்திக் குத்தித் திறந்தேன். திறந்த வேகத்தில் எண்ணெய் பீறிட்டது. அன்றைக்குப் பார்த்து ஷெட்டில் போர்வைகள் காயப்போட்டிருந்தன, அவற்றை நீங்கள் விருந்துக்கு வரும்போது பார்க்கலாம். அப்புறம் ஹேண்டிலில் கால் சுற்று ஆட்டம். சுற்றிக்கொண்டே இருப்போம், மேஜை யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நின்றால் அந்த ஆட்டம் அளவைக் கெடுக்காது என்பதைக் கண்டுபிடித்து நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். வயலில் ஒரு சாண் இப்படி அப்படி இருந்தால் கண்டுகொள்ளாமல் விட்டவன் நான், இப்போது நூறில் ஒரு மில்லிமீட்டருக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறேன்.

ஆகவே சம்பந்தி, எப்படிப் பார்த்தாலும் அது உதவாத மெஷின். ஞாயிற்றுக்கிழமை லாரியைக் கூப்பிட்டு அலைய வேண்டாம். கொட்டகையில் கத்தரிச்செடி வைத்தால் நிழலில் வராது என்பார்கள், சைக்கிள் நிறுத்தலாம். பழைய இரும்பை நானே ஒரு மூலையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு ஒன்றும் சிரமமில்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எல்லா நலமும் வளமும் பெருக எங்கள் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: 12 மில்லிமீட்டர் கட்டரைக் கவ்விப் பிடிக்கிற காலெட் மட்டும் பெட்டியில் இல்லை. ஞாபகார்த்தமாக நீங்கள் எடுத்துப்போய்க் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருப்பதாக மகள் சொன்னாள். அதை உடனே அனுப்பி வையுங்கள். என் மனைவியின் தையல் மெஷினுக்கு ஒரு தாங்கி பாதியில் நிற்கிறது.

இதற்கு மேல் மறைப்பானேன். மெஷின் ஜோராக ஓடுகிறது. ரிட்டையர் ஆன நாளிலிருந்து காலை பதினோரு மணியைக் கண்டாலே எனக்குப் பயமாக இருந்தது, இப்போது அது வந்து போவதே தெரிவதில்லை. அதை எடுத்துப்போனால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. காலெட்டை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஷெட்டில் இரண்டாவதாக ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன், வாரம் மூன்று நாள் வந்தாலும் சரி.

இல்லை, லாரிதான் வரும் என்றால் மாப்பிள்ளையும் கூட வருவார். இறுகிப்போன மெஷின் எப்படி மாமா ஓட ஆரம்பித்தது என்று நிச்சயம் கேட்பார். வழியில் மேஜை ஆடாமல் இருக்க அந்த இரண்டு பூட்டையும் இறுக்கியது யார், பிறகு அதை மறந்துபோய் ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்துத் துரு என்று தீர்ப்புச் சொன்னது யார் என்பதை இதுவரை நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் எனக்குப் பொய் சொல்ல எவ்வளவு வரும் என்பதுதான் இந்தக் கடிதத்திலேயே உங்களுக்குத் தெரிந்திருக்குமே.