எண்ணெயும் புண்ணாக்குமாகப் பிரிந்த கச்சேரி

நான் நாலாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் மலையாளத்து எல்லைக்குள் இருக்கிற எங்கள் எலப்புள்ளிப் பக்கம் வந்து பாருங்கள். வெறும் பாறை என்று ஊரே கைவிட்ட நிலத்தில் தென்னந்தோப்பு வைத்தவன் நான். அங்கே தண்ணீர் வராது என்று சிரித்தவர்களின் வீட்டுக்கு இன்றைக்கு என் கிணற்றிலிருந்துதான் குழாய் போகிறது. எண்ணெய் மில் கட்டினேன். மில்லுக்கு மேலே ஹால் கட்டினேன். ஹால் சும்மா கிடக்கக் கூடாதென்று பாட்டு டீச்சராகப் பார்த்து மருமகளைக் கொண்டுவந்தேன். (மகன்தான் பார்த்துக்கொண்டான். சரி என்று தலையாட்டியது யார்?) கீழே மோட்டார் ஓடினால் மேலே தம்பூராவே வேண்டாம், அதே சுருதியில் நிற்கிறது என்று மருமகள் சுதா ஒருமுறை சொன்னாள். அதைக் குறையாகத்தான் சொன்னாள் என்கிறான் மகன். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தனையும் செய்தவனுக்கு ஒரு வீடியோவை வெட்டி ஒட்டத் தெரியாதா? தெரியும். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

போர் போட்டுத் தண்ணீர் பீய்ச்சியடித்த வீடியோவை நான்தான் வெட்டிப் பாட்டுப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பினேன். மாடு கன்று போட்டதையும் விடவில்லை. போனில் கத்தரிக்கோல் படம் இருக்கும், அதைத் தொட்டால் வெட்டும். இதற்கு எதற்குப் பள்ளிக்கூடம்?

சுதாவிடம் பாட்டுப் படிக்கிற பிள்ளைகளில் பவித்ரா கெட்டிக்காரி. அவள் அப்பா கனகராஜ் பால்மாடு வைத்திருக்கிறான். என் மில்லில்தான் புண்ணாக்கு வாங்குவான். சங்கீதக் கல்லூரியில் சேர அவள் ஆசைப்பட்டாள். கனகராஜ் கறாராகச் சொல்லிவிட்டான். “இந்த வருசம் எடம் கெடச்சாப் போகட்டுங்ணா. கெடைக்காட்டி பி.காம். அப்பறம் பாட்டு கீட்டுன்னு பேச்சே இருக்கப்படாது.”

கல்லூரிக்காரர்கள் முதலில் கச்சேரி வீடியோ ஒன்று அனுப்பச் சொன்னார்கள். அதைப் பார்த்துத்தான் நேரில் கூப்பிடுவார்களாம். எங்கள் ஹாலிலேயே கச்சேரி வைத்தோம். ஊரில் பெரிய போன் என்னுடையது என்பதால் அதையே ஸ்டாண்டில் நிறுத்திப் படம் பிடித்தோம். பிள்ளை நன்றாகத்தான் பாடியிருக்க வேண்டும். நானும் கனகராஜும் கீழே வடை வேகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் சுதாவின் அம்மாவுக்குப் பக்கத்துச் சித்தூரில் கண் ஆபரேஷன். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள். “மாமா, முன்னாடி சுருதி சேக்கறத வெட்டோணும். கடசீல கைதட்டறத வெட்டோணும். மொதல்ல புள்ள பேரப் போடோணும். அவ்வளவுதானுங்க. நடுவுல கைய வெச்சுறாதீங்க.”

“எனக்குச் சொல்லோணுமா?” என்றேன்.

அவள் சொன்னதைச் செய்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு பெரிய மனுஷனிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் இவ்வளவுதானா? சரி, முழுசாக ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

பார்க்கப் பார்க்கத் திக்கென்றது. மொத்தமும் கழிவு.

முதலில் பிள்ளை வார்த்தையே இல்லாமல் ஆ, ஊ, ரீ என்று வெகுநேரம் இழுக்கிறாள். தொண்டையைச் சரி செய்கிறாள் போல. எடுத்துவிட்டேன். அப்புறம் பாட்டு ஆரம்பித்தால், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறாள், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி. முதல் தடவை சரியாக வராமல் மறுபடி மறுபடி முயற்சி செய்திருக்கிறாள், பாவம். இருப்பதில் சின்னதாக ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினேன். பின்னால் ஸரிகம ஸரிகம என்று ஆரம்பித்துவிட்டாள். இத்தனை பெரிய பிள்ளை மேடையேறி அரிச்சுவடி ஒப்பித்தால் கல்லூரிக்காரன் என்ன நினைப்பான்? அதையும் எடுத்தேன். அதற்கப்புறம் மிருதங்கக்காரர் மட்டும் வாசிக்க, பிள்ளை தொடையைத் தட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். சோம்பேறி என்று பேர் வந்துவிடாதா? வெட்டு.

ஆனால் ஒன்று. எண்ணெய் ஆட்டுகிறவன் எதையும் வீச மாட்டான். எண்ணெய் ஒரு டின்னில் போனால் புண்ணாக்கு ஒரு மூட்டையில் போகும். வெட்டிய துண்டுகளை எல்லாம் வரிசையாகச் சேர்த்துத் தனி வீடியோவாக வைத்து, ‘புண்ணாக்கு’ என்று பேர் போட்டேன். நல்லதற்கு ‘எண்ணெய்’ என்று பேர்.

எண்ணெய் ஒன்றரை நிமிஷம் வந்தது. சுத்தமான சரக்கு. அதிலும் ஒரு குறை தெரிந்தது. ஊர்க்காரர்கள் யாரும் படத்தில் இல்லை. எங்கள் பக்கம் கல்யாண வீடியோ வந்தால் தாலி கட்டுவதை யாரும் தேட மாட்டார்கள். “என்னையக் காட்டலியே” என்றுதான் முதல் பேச்சு வரும். இரண்டு பங்காளிக் குடும்பங்கள் இன்றைக்கும் பேசிக்கொள்ளாததற்கு ஒரு காதுகுத்து வீடியோதான் காரணம். என் எடிட்டிங்கில் அந்தப் பாவம் வரலாமா? எல்லாரும் முதல் ஈடு வடை தின்பதைக் கச்சேரிக்கு முன்னாலேயே எடுத்து வைத்திருந்தேன். பிள்ளையின் குரல் பின்னால் ஓட, முன்னால் ஒவ்வொரு முகமாகக் காட்டினேன். கடைசியில் என் மில்லின் போர்டு. போனில் இடமில்லாததால் பழைய முழு வீடியோவை அழித்துவிட்டேன்.

சுதா திரும்பி வந்த மத்தியானம் ஹாலில் டிவியை வைத்து, ஊரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். ரோஜாப்பூக்கள் கொட்ட, நடுவில் பவித்ராவின் பேர் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு கனகராஜ் வடையைக் கடித்தான். அவன் தாடை தாளத்தோடு அச்சாகச் சேர்ந்திருந்தது. (இது தானாக அமைந்தது. ஆனாலும் அமைத்தவன் நான்தானே.)

கைதட்டல் நிற்கவே இல்லை.

“அருமைங்ணா,” என்றான் கனகராஜ். “நம்ம மூஞ்சி நாலு எடத்துல வருது. என்ர கல்யாண வீடியோவுலகூட இத்தன இல்லீங்.”

“என்ர கம்மல்கூடத் தெளிவாத் தெரியுதுங்க,” என்றாள் பக்கத்து வீட்டுச் சரசக்கா.

பவித்ரா மட்டும் எழுந்து நின்றாள். “அப்பாருங்க, நா எங்கைங்க?” (தாத்தா முறையில் இருப்பவரை நாங்கள் அப்பாரு என்போம்.)

“பேரு போட்டிருக்கறனே கண்ணு, ரோஜாப்பூவுக்கு நடுவுல.”

சுதா மெதுவாகக் கேட்டாள். “மாமா, ஆலாபனை எங்கைங்க?”

“அந்த ஆ, ஊவா? தொண்டையச் சரி பண்றான்னு எடுத்துட்டனே.”

“செரி, முழு வீடியோ?”

“போனுல எடமில்லீன்னு அழிச்சுட்டேன்.”

கீழே மில் மோட்டார் மட்டும் சுருதி பிடித்துக்கொண்டிருந்தது.

“அபேக்ஷ குடுக்க நாளைக்குக் கடசி நாளுங்க மாமா,” என்றாள் சுதா. (விண்ணப்பத்தை எங்கள் பக்கம் அபேக்ஷ என்போம்.) பவித்ரா சுவரோரம் உட்கார்ந்து, முகத்தைத் தாவணியில் புதைத்துக்கொண்டாள். விஷயம் புரியாத கனகராஜ், “இதையே அனுப்புங்க, இதுக்கென்ன கொறச்சல்?” என்றான். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாடுபட்டவன் நான், அழுகிறவள் அவள். “எதுக்கு அழுவறே? வெட்டுனதுல ஒண்ணையும் வீசுலியே. பூராம் புண்ணாக்குல கெடக்குது,” என்றேன்.

சுதா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் என்னிடம் அவள் எதையும் பிடுங்கியதில்லை. புண்ணாக்கு டிவியில் ஓட ஆரம்பித்தது. முதல் துண்டே ஆலாபனை. நடுவில் கத்தரி படாமல் முழுசாக இருந்தது. ஸரிகமவும் அப்படியே ஒரே துண்டாக இருந்தது. செருப்பு மாட்டியவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். கனகராஜ் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவன், முடிந்ததும் என் பக்கம் குனிந்து, “இது நம்ம புள்ளையாங்ணா?” என்றான். மேலே மகள் பாடும்போது அவன் என்னோடு வடைச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றவன்தானே.

அந்த இரண்டு துண்டையும் சேர்த்துச் சுதா அன்றைக்கே அனுப்பினாள். பேரை மாற்ற மறந்துவிட்டாள்.

நேரில் கூப்பிட்டார்கள். பாடச் சொல்வதற்கு முன்னால் மலையாளத்து டீச்சர் ஒருவர், “இதெந்தா மோளே, பிண்ணாக்கு?” என்று கேட்டாராம். பவித்ரா மில் கதையைச் சொல்லியிருக்கிறாள். “அப்போ எண்ண எவிடே?” என்று எண்ணெயைக் கேட்டார்களாம். நான் இவள் போனுக்கு அனுப்பியிருந்ததைக் காட்ட, கனகராஜ் வடை கடிக்கிற இடத்தைத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்களாம். அப்புறம் பாடினாள். இடம் கிடைத்தது.

இன்றைக்கும் நான் முறத்தில் எதையாவது புடைத்தால் சுதா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். “மாமா, கழிச்சத வீசிறாதீங்க. காலேஜுக்கு அனுப்போணும்.” பேரப்பிள்ளைகள்கூடச் சிரிக்கின்றன. சிரிக்கட்டும்.

என் வருத்தம் வேறு. பவித்ரா எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் பாடப்போகிறாள். நோட்டீஸ் அடித்து வந்திருக்கிறது. குரு என்று சுதா பேர் இருக்கிறது. கனகராஜ் போட்டோவே இருக்கிறது. மிருதங்கம், வயலின், பந்தல், மைக் செட் என்று எல்லாருக்கும் ஒரு வரி. என் பேர் எங்கும் இல்லை. ஆலாபனையைத் தனியாகப் பிரித்து, பொட்டுச் சேதம் இல்லாமல் எடுத்து வைத்தது யார்? நான் வெட்டாமல் விட்டிருந்தால் அது மற்றதோடு மற்றதாகக் கிடந்திருக்கும், கல்லூரிக்காரன் அதுவரைக்கும் பார்த்திருப்பானா? ஆகவே கோயில் கமிட்டிக்கு நேரிலேயே சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதிவைக்கிறேன். நோட்டீஸை மறுபடி அடிக்க வேண்டும். ‘எடிட்டிங்: எலப்புள்ளி பொன்னுச்சாமி’ என்று ஒரு வரி வர வேண்டும். மைக் செட்காரன் பேருக்கு மேலே.