கண்ணாடி தேடும் பயிற்சி

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

நானும் உங்கள் கொழுந்தியாளும் உடம்பளவில் சுகம். தங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வியாபாரமும் வீட்டில் சமாதானமும் குறையாதிருக்கட்டும். மனதளவில் நான் சுகமில்லை. அதற்குக் காரணம், தாங்கள் அன்போடு அனுப்பிவைத்த கண்ணாடிக் கயிறு. கோபப்படாமல் மேலே படிக்கவும்.

ஓய்வு வயது தாண்டியும் எங்கள் ஓட்டலில் என்னை வைத்திருப்பது, அறை சுத்தம் செய்ய வருகிற புது ஆட்களுக்குக் கட்டில் விரிக்கச் சொல்லிக்கொடுக்கத்தான். புதிதாக வந்த மேனேஜர் அம்மாள், "இனிமே வகுப்பெல்லாம் வேண்டாம் சார், ரீல் போட்டுடலாம், பார்த்துக் கத்துக்கட்டும்" என்று சொல்லி, என்னை ஓர் அறையில் நிறுத்திப் போனில் படம் எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியைக் காணோம். நான் சட்டைப்பையைத் தட்டி, தலையணையைத் தூக்கிப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கடியில் குனிந்து, "சனியன், தலையிலேயே இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் விரிப்பைக் கையில் எடுத்தேன். அதையெல்லாம் வெட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். பாட்டு சேர்த்து ஏற்றிவிட்டார்கள்.

அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன், கண்ணாடியே போடாத பிள்ளைகள் அத்தனை பேரும் சட்டைப்பையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். "என்னம்மா தேடுற?" என்று ஒருத்தியைக் கேட்டேன். "தெரியலை சார், முதல் ஸ்டெப்" என்றாள். இன்னொருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "அது என் இடுப்பு வலி தம்பி" என்றேன். "அது தனி ரீலா சார்?" என்று கேட்டான். அறையில் தங்கியிருந்த ஒருவர், ஏதோ விலையுயர்ந்த பொருள் தொலைந்துவிட்டது போலிருக்கிறது என்று தானும் கட்டிலுக்கடியில் புகுந்து தேடி, விமானத்தைத் தவறவிட்டார்.

மேனேஜரிடம் முறையிட்டேன். "அந்த இடத்துக்குத்தான் சார் லைக்கே விழுது. விரிப்பை யாரும் பார்க்கலை" என்றார். கையோடு ஒரு தேர்வும் வைத்தார். ரீலில் உள்ளபடியே எல்லாரும் செய்துகாட்ட வேண்டுமாம், நானும்தான். சகலை, அப்போதுதான் உங்கள் கயிறு வந்து சேர்ந்திருந்தது. கண்ணாடி கழுத்தில் தொங்குகிறது, எதைத் தேடுவது? நேராகப் போய்ச் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டு நின்றேன். ஃபெயில்.

"விரிப்பு நல்லா இருக்கு சார். ஆனா ரீல்ல இருக்கிறவர் மாதிரி வரலையே."

"அது நான்தாம்மா."

"அப்ப உங்களுக்கு இன்னும் ஈஸியா வந்திருக்கணுமே."

திங்கட்கிழமை மறுதேர்வு. அதிலும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். உங்கள் கொழுந்தியாள் போனை எதிரில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பாவமா தேடுங்க" என்று பயிற்சி கொடுக்கிறாள். என்னை மாதிரியே நான் இல்லைன்னு சொல்லி வேலையை விட்டு அனுப்பிட்டா, இந்த வயசுல அதை யார்கிட்ட போய்ச் சொல்றது சகலை? நினைச்சா அழுகையா வருது. அதனால் கயிற்றை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தங்கள் கடையில் கண்ணாடி துடைக்கிற வேலை ஏதாவது இருந்தால் எனக்காக ஒதுக்கி வைக்கவும்.

தங்களுக்குப் பார்வை மங்காமலும் வாடிக்கையாளர்களுக்கு மங்கிக்கொண்டேயும் இருக்க வாழ்த்தும்,
தங்கள் சகலை

பின்குறிப்பு: இதை ஒட்டிய உறையின் மேலேயே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். உறையை ஒட்டித் தபாலில் போடுவதற்குள் மறுதேர்வு வந்துவிட்டது. போய் நின்றால், கண்ணாடி நிஜமாகவே காணோம். தலையில் இல்லை, எங்கும் இல்லை. தவழ்ந்து தேடி, கண் கலங்கி, விரிப்பைத் தலைகீழாக விரித்துவிட்டேன். மேனேஜர் அம்மாளும் அழுதுவிட்டார். முழு மதிப்பெண். புது ரீல் ஏறிவிட்டது, பிள்ளைகள் இப்போது அழப் பழகுகிறார்கள். வேலையும் நிரந்தரமாகிவிட்டது, ஆகையால் கடையில் இடம் தேட வேண்டாம். கண்ணாடி, கயிற்றோடு சேர்ந்து இந்த உறைக்குள்தான் இருக்கிறது. தடவிப் பார்த்தேன். தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.