படத்துக்குப் பின்னால் மூன்று பாட்டில் பானகம்

ஜெனி, ராபின், உங்களிடம்தான் சொல்கிறேன். குக்கர் 'உஸ்ஸ்' என்று மூச்சு விடும்போதெல்லாம், "அப்பா, உன் மாமியார் கூப்பிடுறாங்க!" என்று கத்திவிட்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் முழுக் கதையையும் தெரிந்துகொண்டு சிரியுங்கள்.

உங்கள் அம்மா ஊரூர் குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். நான் மாதா கோயில் பையன். நாங்களாகவே கல்யாணம் செய்துகொண்டதால் அவளுடைய அப்பா எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை. தன் மனைவியையும் மிதிக்க விடவில்லை. என் மாமியார் அடையாறு தெருக்களில் மீன் விற்றவர். தலையிலிருந்து கூடையை இறக்கும்போது "உஸ்ஸ்ஸ்..." என்று நீளமாக ஒரு மூச்சு விடுவார். தெருக்கோடி வரை கேட்கும். எங்கள் வாசலில் மட்டும் அந்தக் கூடை இறங்கவே இல்லை. கடைசியில் எங்கள் வீட்டு ஷெல்புக்குப் படமாகத்தான் வந்து சேர்ந்தார்.

அவர் போன பிறகு வந்த முதல் கோடையில், ஞாயிற்றுக்கிழமை வருவதாக மாமனார் சொல்லியனுப்பினார். வந்தால் மட்டும் போதாது. பகையாளி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாத மனுஷர் அவர். எங்கள் வீட்டில் ஒரு வாய் குடித்தால் சமாதானம். குடிக்காமல் எழுந்துவிட்டால் உங்கள் அம்மாவுக்குப் பிறந்த வீடு அன்றோடு முடிந்தது.

"நான் சுக்கு காபி போட்டுக்கறேன். நீ எதையும் தொடாத, சொல்ட்டேன்" என்றாள் அம்மா.

(தொடாதே என்றால் தொடுவது என் சுபாவம். லிஃப்ட் ரிப்பேர் வேலையில் இன்னும் உயிரோடு இருப்பதே ஆச்சரியம்.)

மாமனாருக்குப் புளிப் பானகம் என்றால் உயிர் என்று கேள்விப்பட்டிருந்தேன். வியாழக்கிழமையே புளியை ஊறவைத்துக் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, வெல்லம், சுக்கு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு எல்லாம் போட்டேன். ஏன் வியாழக்கிழமையே? மீன் குழம்பை வைத்த அன்றைக்குத் தின்பவன் முட்டாள், மறுநாள்தான் ருசி, அதற்கும் மறுநாள் இன்னும் ருசி என்று கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பாடம் நடத்தியது உங்கள் அம்மா. குழம்பிலும் புளி, பானகத்திலும் புளி. ஒன்றுக்கு ஒரு சட்டம், இன்னொன்றுக்கு வேறு சட்டமா? மூன்று பாட்டில்களில் ஊற்றி, மூடியை லிஃப்ட் போல்ட் மாதிரி முறுக்கி, அம்மா கண்ணில் படாமல் மாமியார் படத்துக்குப் பின்னால் மறைத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அது ஆரம்பித்தது. பட்டப்பகல், ஜன்னலெல்லாம் திறந்திருக்கிறது, வெளியே தயிர்க்காரர் மணி அடிக்கிறார். படத்திலிருந்து "உஸ்ஸ்ஸ்..."

அம்மா கையிலிருந்த முறம் நழுவியது. "இன்னாய்யா அது? எங்கம்மா கூடைய எறக்குற மாதிரியே கீது."

சனிக்கிழமை மூச்சோடு ஒரு 'டொக்'கும் சேர்ந்துகொண்டது. உள்ளேயிருந்து விரலால் தட்டுவது போல. நான் கோயில் தீர்த்தத்தைத் தெளித்தேன். படம் 'க்ளுக்' என்றது. (பாட்டிலை வைத்தவனே நான்தான். அது மட்டும் மண்டையில் உறைக்கவில்லை.)

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மாமனார் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சாயவில்லை.

"காபி போடட்டா நைனா?"

"வேணாம். இப்பத்தான் குட்சேன்."

அம்மாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அவள் சமையலறைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்துவிடப் போகிறார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. அந்த அமைதியில், "உஸ்ஸ்ஸ்ஸ்..."

மாமனார் அப்படியே உறைந்தார். மறுபடியும் 'டொக்'. படம் லேசாக முன்னால் நகர்ந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

அவர் எழுந்து படத்துக்கு நேராகப் போய் நின்றார். "இன்னாடி? அதான் வந்துட்டேன்ல? இன்னும் இன்னா மொறைக்கிற?"

'டமால்!'

படம் பறந்து வந்து அவர் கையில் விழுந்தது. கண்ணாடியெல்லாம் பழுப்பாக ஏதோ வழிந்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது மாடிப்படியின் கீழே, ஒற்றைச் செருப்போடு, 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்ததுதான். மனைவியையும் மாமனாரையும் விட்டுவிட்டுத் தனியாகத் தப்பித்த வீரன்.

மேலேயிருந்து குரல் வந்தது. "மாப்ள! பானகமா இது?"

"ஆ... ஆமா மாமா."

"எப்ப கரைச்ச?"

"வியாழக்கிழமை."

"மீன் கொழம்புன்னு நென்ச்சியா?"

அம்மாவின் சிரிப்பு கேட்டது. அழுகையும் கலந்த சிரிப்பு. நான் மெதுவாக மேலே ஏறினேன். மாமனார் படத்தை மடியில் வைத்துத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பானகம்.

"இன்னும் கீதா?"

"ரெண்டு பாட்டில் கீது மாமா."

"மூடிய மெதுவா தொற. ஒரு க்ளாஸ் குடு."

"புளிச்சுப் பொங்கிக் கெட்டுப்போச்சு நைனா, வாணாம்" என்றாள் அம்மா.

"அவளே ஊத்திக் குட்த்துட்டா. வாணாம்னுட்டு நான் ஊட்டுக்குப் போவ முடியுமா?" என்றார். குடித்தார். ஏப்பம் விட்டார். "லேசா ஏறுது மாப்ள" என்று முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்தார்.

இதுவரை உங்களுக்கும் தெரிந்ததுதான். மீதியை யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிட அம்மா போனாள். மிச்சத்தில் ஒரு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு, மற்றதைக் கொட்டி, மூடி பறந்ததையும் சேர்த்து மூன்று பாட்டில்களையும் கழுவிக் கவிழ்த்தேன். ஷெல்பைத் துடைத்துப் படத்தை எடுத்து வைத்தேன். அதன் பின்னால் ஒன்றுமே இல்லை.

"உஸ்ஸ்ஸ்..."

இந்தத் தடவை ஷெல்பிலிருந்து வரவில்லை. வாசலிலிருந்து வந்தது.

நான் ஓடவில்லை. வாசலுக்குப் போனேன். யாரும் இல்லை. குனிந்து, அங்கே கிடந்த எங்கள் செருப்புகளை ஓரமாக ஒதுக்கினேன், ஒரு மீன் கூடை இறக்கும் அளவுக்கு. பக்கத்தில் அந்த டம்ளரை வைத்தேன்.