பாதிக் குழாய் மட்டும் என்னுடையது

பனி விழும் ஊர்களில் எல்லைக்கோட்டார் என்றோர் இனம் உண்டு. கோடையில் இவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மற்றவர்களைப் போலவே தொப்பி போட்டுக்கொண்டு புல் வெட்டுவார்கள், போகிறவர் வருகிறவருக்குக் கையசைப்பார்கள். முதல் பனிப்புயல் அடித்து ஓயட்டும், மறுநாள் காலை தெருவில் நடந்து பாருங்கள். நடைபாதையில் ஓரிடம் வரும்: இந்தப் பக்கம் சிமென்ட் தெரிய வழித்தெடுத்த தரை, அந்தப் பக்கம் முழங்கால் வரை பனி, நடுவே கேக்கைக் கத்தியால் வெட்டியதுபோல ஒரு செங்குத்துச் சுவர். அந்தச் சுவரைச் செதுக்கியவர்தான் நாம் தேடும் ஆசாமி.

எங்கள் டன்மோரில் அவர் பெயர் வெண்டல் திபோடோ.

அவரவர் வீட்டு முன் நடைபாதையை அவரவர் புயல் ஓய்ந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சுத்தம் செய்ய வேண்டும், அவரவர் பனி அவரவர் இடத்திலேயே கிடக்க வேண்டும், தெருவில் தள்ளினால் அபராதம், பக்கத்தில் நடைபாதையோரம் நிற்கும் தீயணைப்புக் குழாயைச் சுற்றி மூன்றடி தோண்டி வைக்க வேண்டும் என்றெல்லாம் டவுன் ஆபீஸிலிருந்து ஒவ்வொரு நவம்பரும் ஒரு தாள் வரும். நாமெல்லாம் அதை என்ன செய்வோம்? அடுப்புப் பற்றவைப்போம். வெண்டல் பிளாஸ்டிக் உறை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவார். அத்தனை வாசகத்திலும் அவர் சிவப்பு மையால் அடிக்கோடிட்ட சொல் ஒன்றே ஒன்றுதான்: 'அவரவர்'.

சோதனையாக, அந்தத் தீயணைப்புக் குழாய் அவருக்கும் கிழக்குப் பக்கத்து வீட்டு லொரெய்ன் பெல்க்கிக்கும் நடுவே, சரியாக எல்லைக்கோட்டின் மேலேயே நின்றது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சலித்துக்கொண்டாவது முழுக்கத் தோண்டியிருப்பீர்கள். வெண்டல் பாதிக் குழாயைத் தோண்டினார். உச்சியிலிருந்து அடிவரை, நூல் பிடித்தாற்போல, சரிபாதி.

தபால்காரி ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள். "ஏன் சார், இன்னும் நாலு வாரு வாரினா முழுசும் முடிஞ்சிருமே?"

"நாலு வாரு பெரிசில்லம்மா. கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

மீதிப் பாதியை லொரெய்ன் போகிற போக்கில் எடுத்துவிடுவாள். முப்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவளிடம் பனியை ஊதித் தள்ளும் ஆரஞ்சு நிற இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதை அவள் ஓட்டும்போதெல்லாம் வெண்டல் சமையலறை ஜன்னலில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பார். ஜனவரியில் கையும் களவுமாகப் பிடித்தார். அவளுடைய இயந்திரம் கோட்டைத் தாண்டி அவர் நிலத்துக்குள் வந்துபோன தடம்! படம் எடுத்தார், டேப் வைத்து அளந்தார், டவுன் ஆபீஸுக்குக் கடிதம் எழுதினார். ஏன் வந்தாய் என்று அவளை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டால் அவர் எல்லைக்கோட்டாரே இல்லை.

லொரெய்ன் சண்டைக்கு வரவில்லை. "சரி வெண்டல், இனிமே என் மிஷின் உங்க பக்கம் எட்டிக்கூடப் பாக்காது" என்றாள். அன்றிரவு அவர் குழந்தைபோலத் தூங்கினார்.

பிப்ரவரியில் ஒரு பகலும் ஓர் இரவும் விடாமல் கொட்டியது. புயல் போன கையோடு குளிர் வந்தது. சனி, ஞாயிறு பூஜ்யத்துக்குக் கீழே இருபதுக்குப் போகும் என்று வானொலி சொன்னது. வெண்டல் நிலவறைக்குப் போய்ப் பார்த்தார். வீட்டைச் சூடேற்றும் எண்ணெய்த் தொட்டியின் முள் சிவப்பில் படுத்திருந்தது. நல்லவேளையாக வெள்ளிக்கிழமை மதியமே எண்ணெய் லாரி வந்தது. ஆனால் ஓட்டுநர் ரூடி குழாயை இழுக்காமல் கதவைத் தட்டினான்.

"சார், கிழக்குச் சுவர்ல எண்ணெய் ஊத்துற குழாய் வாய்க்கு வழியே இல்லையே."

"போன தடவ எப்படி தம்பி வந்த?"

"லொரெய்னம்மா கார் பாதையில இருந்துதான். அவங்க மிஷினால உங்க சுவர் வரைக்கும் ஒரு சந்து வெட்டி வெச்சிருப்பாங்க. பத்து வருஷமா அதுலதானே வர்றேன்? இந்த வாட்டி சந்து கோட்டோட நின்னு போச்சு."

வெண்டல் கிழக்குப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இடுப்பளவு பனியில இறங்கக்கூடாதுன்னு கம்பெனி உத்தரவு சார். தெருக்கோடி வரைக்கும் ஊத்திட்டு இருபது நிமிஷத்துல திரும்புவேன். வழி இருந்தா உண்டு. இல்லேன்னா திங்கக்கிழமைதான்."

திங்கட்கிழமைக்குள் வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. வெண்டல் பனியை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். முன்வாசல் பனியையெல்லாம் சட்டப்படி தன் இடத்திலேயே, அந்தக் கிழக்குச் சுவரோரம்தான், ஆளுயரத்துக்குக் குவித்து வைத்திருந்தார். வாசல் பக்கமிருந்து குடைந்தால் நாற்பதடி. லொரெய்னின் கார் பாதையில் நின்று குடைந்தால் எட்டே அடி. ஆனால் குடைந்த பனியை எங்கே போடுவது?

பனிவாரியோடு கோட்டில் போய் நின்றார். லொரெய்ன் காபிக் கோப்பையோடு படியில் நின்றாள். பெட்ரோல் இல்லாமல் நடுக்காட்டில் நின்றபோதும் யாரையும் உதவி கேட்காத மனிதர், பனிவாரியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"லொரெய்ன்... கொஞ்சம்... என் பனி உங்க பக்கம் விழும்."

"எத்தன அங்குலம்?"

அவள் மிச்சக் காபியை அவசரமே இல்லாமல் குடித்து முடித்தாள். பிறகு இயந்திரத்தை உயிர்ப்பித்தாள். "தள்ளி நில்லுங்க. உங்க இடுப்பு பிடிச்சுக்கிட்டா அதுக்கும் டவுன் ஆபீஸுக்கு லெட்டர் போடுவீங்க."

ரூடி திரும்பி வந்தபோது சந்து தயாராக இருந்தது. தொட்டி நிரம்பும்போது எழும் விசில் சத்தத்தைக் கேட்டு வெண்டலுக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கம் பாதி, நிம்மதி பாதி. சரிபாதி.

அடுத்த புயலுக்கு மறுநாள் தெருவே வேடிக்கை பார்த்தது. தீயணைப்புக் குழாய் முழுதாக, சுற்றிலும் மூன்றடி வட்டமாக, பளிச்சென்று நின்றது. தபால்காரி அசந்துபோனாள். "என்ன சார், முழுசும் தோண்டிட்டீங்க?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார் வெண்டல். சொல்லிவிட்டு மேற்குப் பக்கம் போய், அந்த வீட்டுக்காரரின் எல்லையில் பனியை முன்னைவிடக் கூர்மையாகச் செதுக்க ஆரம்பித்தார். மேற்குச் சுவரில் எண்ணெய்க் குழாய் ஏதும் இல்லை.

சிரிக்கிறீர்கள். உங்கள் ஊரில் பனியே விழாது, அதனால் உங்களுக்கு இந்த வியாதி வராது என்ற தைரியம். நல்லது. ஆனால் அடுக்குமாடி என்று ஒன்று இருக்கிறது, அதில் எல்லோருக்கும் பொதுவாக மாடிப்படி இருக்கிறது. கடைசியாகப் பெருக்கியபோது உங்கள் துடைப்பம் எந்தப் படியோடு நின்றது? அடுத்த தடவை அங்கே நிற்கும்போது, உங்கள் வீட்டு எண்ணெய்க் குழாய் யார் பக்கம் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.