பன்னிரண்டாம் சிகரத்து அப்பா

மனித இனத்தில் சிகர அப்பா என்றொரு வகை உண்டு. எங்கள் டூசான் நகரைச் சுற்றியுள்ள பாலைவனக் குன்றுகளில், வெயில் கொல்லாத மாதங்களில், ஞாயிறு காலை ஏழு மணிக்கு நீங்கள் அதைத் தவறாமல் பார்க்கலாம். முக்கால் மணி நேரத்தில் ஏறி முடிக்கிற, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற ஒரு பாதையின் தொடக்கத்தில், பனிமலைக்குப் புறப்படுகிறவரைப் போலத் தொப்பிக் கயிற்றை இறுக்கி, இரண்டு கைகளிலும் ஊன்றுகோல் பிடித்து, தன் இடுப்புயரம்கூட இல்லாத குழந்தையிடம், "இன்னிக்கு இந்த மலை நம்மள சோதிக்கப் போகுது" என்று சொல்லிக்கொண்டிருக்கும். மலை யாரையும் சோதிப்பதில்லை. அது கல். அதற்கு உங்கள் பிள்ளையின் பெயர்கூடத் தெரியாது.

பிரென்ட் ஹாலோவேயை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். மகன் ஓட்டிஸுக்கு மறுநாள் நான்காவது பிறந்தநாள். அதற்குள் பையன் பன்னிரண்டு சிகரம் ஏறிவிட வேண்டும் என்பது பிரென்ட்டின் சபதம். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. பதினொன்று ஆகிவிட்டது. ஆகிவிட்டது என்றால், ஏழு அப்பாவின் தோளில், மூன்று முதுகுக் கூடையில், ஒன்று நல்ல தூக்கத்தில். இன்று தவறினால் சபதம் பாழ்.

ஓட்டிஸோ, வண்டியை விட்டு இறங்கியதும் எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் குந்திவிட்டான்.

"அப்பா, எறும்பு வெதய தூக்கிட்டு வீட்டுக்குள்ள போகுதுப்பா."

"எறும்ப நம்ம வீட்டுலயும் பாக்கலாம். எந்திரி."

"இந்த எறும்பு நம்ம வீட்டுல இல்லயே."

அன்று அந்த மலையில் பேசப்பட்டதில் அறிவுள்ள பேச்சு இது ஒன்றுதான். பேசிய ஆய்வாளரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார் பிரென்ட். மனைவி லெஸ்லி பின்னால் வந்தாள்.

பாதி தூரத்தில் ஒரு குடும்பம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் அம்மா யெசேனியா வாரம் ஆறு நாள் ஓட்டலில் அறை துடைக்கிறவர். ஏழாம் நாள் இரண்டு பிள்ளைகளோடு மலைக்கு வருகிறவர். காலில் தேய்ந்த துணிக் காலணி, கையில் பால் வாங்கிய பிளாஸ்டிக் கேன் நிறையத் தண்ணீர். அவருடைய சின்னவன் ஒவ்வொரு கல்லையும் நின்று விசாரித்துக்கொண்டிருந்தான், அவரும் நின்றார். பிரென்ட்டுக்குப் பொறுக்குமா?

"என்னம்மா, இந்தச் செருப்போடவா மலைக்கு வர்றது? பாலைவனத்துக்குன்னு ஒரு மரியாத வேணாமா?"

"நான் பொறந்ததே இங்கதான் சார்" என்றார் யெசேனியா. "நீங்க போங்க, வழி விடறோம்."

வழி விடும்வரை பிரென்ட் நிற்பாரா? பாதையை விட்டு இறங்கி, மகனையும் இழுத்துக்கொண்டு, முந்தினார். கீழே உதிர்ந்து கிடந்தது, தாவும் கள்ளி என்று நாங்கள் சொல்கிற செடியின் ஒரு முள் உருண்டை. உண்மையில் அது தாவுவதில்லை. உரசினால் போதும், ஒட்டிக்கொள்ளும். ஓட்டிஸின் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டது. பையன் போட்ட அலறலில் காடைகள் கூட்டமாக ஓடின. எங்கள் ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும், அதைக் கையால் தொடக் கூடாது, சீப்பால்தான் சுண்டிவிட வேண்டும் என்று. பிரென்ட் கையால் பிடுங்கினார். இப்போது அந்த உருண்டை ஒரு பக்கம் மகனின் காலையும் மறுபக்கம் அப்பாவின் மூன்று விரல்களையும் பிடித்துக்கொண்டு நின்றது. தந்தையும் மகனும் அவ்வளவு நெருங்கி இருந்தது அன்றைக்கு அப்போதுதான்.

"சீப்பு எங்க பிரென்ட்? பையில நாந்தான வெச்சேன்" என்றாள் லெஸ்லி.

"எட கூடுதுன்னு எடுத்துட்டேன்."

"சீப்பு எடயா? இந்தப் பலகய மட்டும் தூக்கிட்டு வந்திருக்க!"

அது உச்சியில் மகன் கையில் கொடுத்துப் படம் எடுப்பதற்காக, '12' என்று செதுக்கிய தேக்குப் பலகை. முக்கால் கிலோ.

"அசையாதீங்க சார்." யெசேனியா கால்சட்டைப் பையிலிருந்து பல் போன ஊதாச் சீப்பு ஒன்றை எடுத்தார். உருண்டைக்கும் தோலுக்கும் நடுவில் சீப்பை நுழைத்து ஒரு சுண்டு. முதலில் பையனின் கால், பிறகு பெரியவரின் விரல்.

"அம்மா, இந்த சார்கிட்ட சீப்பு இல்லயா?" என்றாள் அவர் மகள்.

"எவ்ளோ பெரிய பை பாரு. உள்ள எங்கயாவது இருக்கும் கண்ணு."

லெஸ்லி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போதும், எறங்கலாம்" என்றாள்.

"எறும்புகிட்ட போலாம்ப்பா" என்று ஓட்டிஸ் விம்மினான்.

"இன்னும் இருநூறு அடிதான்டா!" பையனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு பிரென்ட் ஏறினார். உச்சிக்கு ஓர் அடி முன்னால் இறக்கிவிட்டு, "நட, நட, நீயே நட!" என்றார். பையன் ஓர் அடி நடந்தான். பன்னிரண்டாம் சிகரம் வெல்லப்பட்டது. பதினெட்டுப் படங்கள் எடுத்தார். பதினேழில் அழுகை. ஒன்றில் மட்டும், அடுத்த விம்மலுக்கு மூச்சு இழுக்கும்போது வாய் அகலத் திறந்ததில், சிரிப்பதுபோல் இருந்தது. அதைத்தான் ஊருக்குக் காட்டினார்.

மலைப் பாதைகளுக்கு மதிப்பெண் போடும் இணையப் பக்கத்தில், படத்துக்குக் கீழே இப்படியும் எழுதினார்: "மிக எளிய பாதை. மூன்று வயது மகன் தானாகவே ஏறினான். ஒரு வருத்தம்: சிலர் எந்த முன்னேற்பாடும் இல்லாமல், துணிக் காலணியோடு வருகிறார்கள்." ஐந்து விரல்களில் மூன்றில் கட்டுப் போட்டுக்கொண்டு தட்டிய எழுத்து இது. சீப்பைப் பற்றி ஒரு சொல்? கிடையாது. அதைப் படித்துவிட்டு அடுத்த ஞாயிறு எத்தனை அப்பாக்கள், எத்தனை பிள்ளைகளை, எத்தனை எறும்புப் புற்றுகளிலிருந்து இழுத்துப் போவார்களோ!

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் ஊரில் மலை இல்லை, கள்ளி இல்லை, பலகை இல்லை. சரி. உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறதே, பரிசுக் கோப்பையைப் பிடித்தபடி உங்கள் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நிற்கிற படம். அது சிரிப்புதானா? கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.